‘எத்தனை பேரில்?’ என்று கேட்டவருக்கு, வரம்புகளுடன்

சராசரிக்குள் அடங்காத சான்றாளரே! சந்தேகத்துக்குச் சபையில் நாற்காலி போட்டுக் கொடுத்தவரே! எண்களை எண்ணி, எண்ணியதை எடைபோட்டு, எடைபோட்டதை எங்களுக்கு எடுத்துரைத்தவரே! உளவியல் துறையில் ஆய்வு முறைகளையும் புள்ளியியலையும் முப்பத்தோராண்டு கற்பித்து இன்று பணி நிறைவு பெறும் அம்மையீர்! உங்களுடன் பணியாற்றியவர்களின் வணக்கம்.

முதல் வரைவில் இதைவிட நீளமாகவே விளித்திருந்தோம். ‘எல்லோரும் போற்றும் ஏந்தலே’ என்றுகூட ஒரு வரி இருந்தது. படித்துவிட்டு நீங்கள் கண்ணாடியைக் கழற்றினீர்கள். “எல்லோரும்னா? எத்தனை பேர்ல எத்தனை பேர்?” என்றீர்கள். கேட்டுப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டோம். “அப்போ அடிச்சிடுங்க.” அடித்துவிட்டோம்.

பிறகு ஒரு நிபந்தனை போட்டீர்கள். “ஆய்வறிக்கைன்னா கடைசியில ‘வரம்புகள்’னு ஒரு பகுதி வருது. எங்க சறுக்கினோம், எதை இந்த அறிக்கையை வச்சுச் சொல்ல முடியாதுன்னு அதுல எழுதுறோம். பாராட்டு மடலுக்கு மட்டும் என்ன விதிவிலக்கு? என் தப்பை எழுதாம கொடுத்தீங்கன்னா நான் கை நீட்டி வாங்க மாட்டேன்.”

“மேடம், இது கண்ணாடி போட்டுச் சுவர்ல மாட்டுறது,” என்றார் துறைத் தலைவர்.

“அதனாலதான் சொல்றேன்.”

எதிரே அமர்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்து ‘தாங்கள் தவறினீர்கள்’ என்று வாசிக்க எங்களில் யாருக்கும் நா எழவில்லை. ஆகவே நடுப்பகுதி முழுவதும் உங்களை ‘மேடம்’ என்று படர்க்கையில் சொல்லப்போகிறோம். நாங்கள் நேரில் பார்க்காததை நீங்கள் சொல்லக் கேட்டபடி எழுதியிருக்கிறோம். யாரோ ஒருவரைப் பற்றிய கதை போலக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாணவர்கள் மேடத்துக்கு வைத்த பட்டப்பெயர் ‘எத்தனைபேர்’. ‘எத்தனைபேர் வர்றாங்கடா’ என்று ஒருவன் தாழ்வாரத்தில் குரல் கொடுத்தால் வகுப்பு அடங்கிவிடும். பெயருக்கேற்ற குணம். ஒருநாள் அலுவலக எழுத்தர், இந்தக் காலத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் சோம்பேறிகள் என்று அலுத்துக்கொண்டார். மேடம் நின்றார்.

“எத்தனை பேரைப் பார்த்துட்டுச் சொல்றீங்க?”

“என் பையனைத்தான் மேடம்.”

“அப்போ ஒண்ணு.”

எழுத்தர் அதன்பிறகு மேடம் காதுபட எந்தத் தலைமுறையையும் திட்டியதில்லை.

மேடத்தின் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கண்ணாடியில் மூக்கின்மேல் உட்காருமே இரண்டு சின்ன ரப்பர் திண்டுகள், பழைய சட்டங்களிலிருந்து கழற்றிய அவற்றை ஒரு தகர டப்பா நிறைய மேடம் வகுப்புக்குக் கொண்டுவருவார். சில வெள்ளை, சில கறுப்பு. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் எடுத்து, டப்பாவில் எந்த நிறம் அதிகமென்று மாணவர்கள் சொல்ல வேண்டும். நாலே நாலு எடுத்தவன், இரண்டு இரண்டாக வந்ததைப் பார்த்துவிட்டு, “ரெண்டும் சமம் மேடம்” என்பான்.

“நாலு எடுத்துட்டு டப்பாவோட ஜாதகத்தையே சொல்ற. வித்தியாசம் தெரியலன்னா வித்தியாசம் இல்லன்னு அர்த்தமில்லப்பா. நீ பார்த்தது பத்தலன்னும் இருக்கலாம்.”

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று எவனாவது பழமொழியோடு வந்தால், “நல்லாக் கிளறின பானைக்கு மட்டும்” என்பார். டப்பாவை நன்றாகக் குலுக்கிய பிறகே கை விட அனுமதிப்பார். உண்மையில் எந்த நிறம் அதிகம் என்று கடைசிவரை சொன்னதில்லை. தான் எண்ணிப் பார்த்ததில்லை என்றார். நாங்கள் நம்பினோம். மேடம் பொய் சொல்லி நாங்கள் கேட்டது ஒரே ஒரு முறை. அதையும் பொய் என்று சொல்ல முடியாது. அவசரம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

வரம்புகள் அங்கே தொடங்குகின்றன.

கல்லூரியின் இரண்டாம் மாடியில், படிக்கட்டு ஏறியதும் வலப்பக்கம், ஒற்றை ஜன்னலோடு ஒரு சின்ன அறை இருக்கிறது. பதினோரு வருடங்களுக்கு முன் அது ஆலோசனை அறையாக இருந்தது. அங்கே தற்காலிக நியமனத்தில் ஓர் ஆலோசகர் வேலை பார்த்தார். ‘கவுன்சிலர்’ என்று பலகை மாட்டிய முதல் வாரத்தில், தெருவிளக்கு எரியவில்லை என்று பக்கத்துத் தெருக்காரர் இருவர் மனுவோடு வந்துவிட்டார்கள். அவர்களையும் உட்கார வைத்துப் பேசி அனுப்பியவர் அந்த ஆலோசகர். தேர்வுக் கூடத்தின் வாசலில் கை நடுங்கி, வாந்தி எடுத்து, படித்ததெல்லாம் மறந்துபோய் நிற்கும் மாணவர்களுக்கு அவர் ஒரு பயிற்சி கொடுத்தார். மூச்சை மெதுவாக விடுவது, பயத்தைத் தாளில் எழுதிக் கிழித்துப்போடுவது, வினாத்தாளைத் திருப்புமுன் பாதம் இரண்டையும் தரையில் அழுத்திக்கொள்வது. இவ்வளவுதான். பிள்ளைகள் அறை வாசலில் வரிசையில் நின்றார்கள்.

நிர்வாகத்துக்கு வரிசை போதவில்லை. அறையைத் தொடர வேண்டுமானால் பயன் உண்டென்று நிரூபிக்க வேண்டும் என்றார் நிர்வாகி. ஆய்வை நடத்தும் பொறுப்பு மேடத்திடம் வந்தது. ஆலோசகர் மகிழ்ந்தார். “மேடம் கையில இருந்தா நியாயம் இருக்கும்,” என்று எங்களிடம் சொன்னார்.

நியாயம் இருந்தது. முன்வந்த நாற்பது பேரைச் சீட்டுக் குலுக்கிப் பாதிப் பாதியாகப் பிரித்தார். ஒரு பாதிக்குப் பயிற்சி. மறுபாதி காத்திருந்தது. இரண்டு பாதிக்கும் பயத்தை அளக்கும் வினாப்பட்டியல், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பயிற்சி பெற்றவர்களுக்குப் பயம் குறையத்தான் செய்தது. ஆனால் பயிற்சியில் ஒரு பயனும் இல்லாமலே, குலுக்கலின் அதிர்ஷ்டத்தால் மட்டும், இந்த அளவு வித்தியாசம் நூறு ஆய்வுகளில் பன்னிரண்டில் வந்துவிடக்கூடும் என்று கணக்கு காட்டியது. ஐந்துக்குக் கீழே இறங்கினால்தான் இந்தத் துறையில் ஒப்புக்கொள்வார்கள்.

ஆலோசகர் அட்டவணையைப் பார்த்தார். “மேடம், குறைஞ்சுதானே இருக்கு? இன்னும் இருபது பேரைச் சேர்த்துப் பார்க்கலாமே.”

“முடிவைப் பார்த்த பிறகு ஆளைச் சேர்க்குறது, எதிராளி சீட்டைப் பார்த்துட்டுப் பந்தயம் கட்டுற மாதிரிம்மா. முடியாது.”

“அப்போ என்ன எழுதுவீங்க?”

“ஆய்வு சின்னது, இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, பெரிய அளவுல திரும்பப் பண்ணணும்னு எழுதுவேன். பயப்படாதீங்க.”

அப்படியேதான் எழுதினார். அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில் அது இருக்கிறது. ஒன்பதாம் பக்கம்வரை யாரும் போகவில்லை.

நிர்வாகக் கூட்டத்தில் அன்று பொருள்கள் ஏராளம். ஆலோசனை அறைக்கு அடுத்த பொருள் கழிப்பறைக் குழாய் மாற்றுவது. மேடம் அட்டவணையை விளக்கத் தொடங்கியதுமே நிர்வாகி கையை உயர்த்தினார்.

“மேடம், எனக்கு இந்தக் கட்டமெல்லாம் வேணாம். வேலை செய்யுதா, செய்யலையா?”

“அதை இப்போ திட்டவட்டமா…”

“பார்த்தீங்களா! உங்களைக் கேட்டா எப்பவும் ‘சொல்ல முடியாது’தான். சொல்ல முடியாதுன்னு சொல்றதுக்கு ஒரு துறை, அதுக்குச் சம்பளம்!” மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். “ஒரே வார்த்தை மேடம். ஆமாவா, இல்லையா?”

மேடத்துக்குக் காது சூடேறியது. சிரித்தவர்களில் தன் பழைய மாணவரும் ஒருவர் என்பதைக் கவனித்தார். இருபது வருடம் கற்பித்ததை ஒரு சிரிப்பு நகைச்சுவையாக்கிவிட்டதே என்றிருந்தது. தானும் திட்டமாகப் பேசத் தெரிந்தவள்தான் என்று அந்த மேசைக்குக் காட்ட வேண்டும்போல் ஒரு வீம்பு வந்தது.

“இல்ல,” என்றார்.

நிர்வாகி பேனாவை எடுத்தார். “அவ்வளவுதான் கேட்டேன். அடுத்தது, குழாய்.”

அன்று மாலை கடையை மூடிவிட்டு வந்த கணவரிடம் மேடம் நடந்ததைச் சொன்னார். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். சினிமாவுக்குப் போகலாமா என்றால்கூட ‘இப்போதைக்குச் சொல்ல முடியாது’ என்று பதில் வாங்கியே பழகியவர் அவர்.

“கல்யாணம் ஆன நாள்லேருந்து எனக்குக் கிடைக்காத பதில், அந்த ஆளுக்கு ஒரே நிமிஷத்துல கிடைச்சிருக்கு,” என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். மேடம் சிரிக்கவில்லை. நாலு திண்டு எடுத்துவிட்டு ‘சமம்’ என்று சொல்லும் பையனை வருடா வருடம் நிற்க வைத்துக் கேள்வி கேட்டவர், தானே அதைச் சொல்லிவிட்டு வந்திருப்பது அப்போதுதான் உறைத்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லச் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் அந்த மேசையில் அவர்தான். அந்த ஒரு வேலையை அவர் செய்யவில்லை.

மறுநாள் காலை, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் முன்னரே, நிர்வாகியின் அறைக்குப் போனார்.

“நேத்து நான் சொன்னது தப்புங்க. ‘இல்ல’ இல்ல. ‘தெரியல’.”

“கூட்டக் குறிப்பு கையெழுத்தாயிடுச்சே மேடம். நேத்து இல்லங்கிறீங்க, இன்னைக்குத் தெரியலங்கிறீங்க. நாளைக்கு ஆமாம்பீங்களா?”

“இருக்கலாம்.”

அவர் அதையும் நகைச்சுவையாகவே எடுத்துக்கொண்டார்.

மாத முடிவில் ஆலோசகர் சாவியை எழுத்தரிடம் கொடுத்துவிட்டுப் போனார். மருத்துவமனையில் இருந்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தவர். கல்லூரிக்குப் பக்கத்தில் எடுத்திருந்த வாடகை வீட்டைக் காலி செய்து, அண்ணன் வீட்டு மாடியறைக்குக் குடிபோனார். கொஞ்ச நாளில் ஒரு தொலைபேசிச் சேவை நிலையத்தில் இரவுப் பணி கிடைத்தது. இணைப்பு அறுந்துபோன கோபத்தில் திட்டுகிறவர்களிடம் பொறுமையாகப் பேசும் வேலை. ஆலோசனை அறையில் முதலில் உடைந்த நாற்காலிகளைப் போட்டார்கள். பிறகு ஜெராக்ஸ் எந்திரம் வந்தது.

மேடம் அந்த அண்ணன் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவர் ஆலோசகரின் அண்ணி. மேலும் கீழும் பார்த்தார்.

“ஓ, அந்த ‘இல்ல’ மேடமா? வாங்க, உட்காருங்க. இங்க நாற்காலி இருக்கு, ‘இல்ல’ன்னு சொல்லிடாதீங்க.”

கல்லூரியில் ‘எத்தனைபேர்’ என்று இருந்த பெயர் அந்த வீட்டில் வேறாக இருந்தது. மேடம் உட்கார்ந்தார். பயிற்சியைப் படிப்படியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று ஆலோசகரிடம் கேட்டார். பெரிய அளவில், புதிதாக, முதலிலிருந்து ஆய்வை நடத்தப் போவதாகச் சொன்னார்.

“வேலை செய்யாத பயிற்சியைக் கத்துக்க இவ்வளவு தூரம் வரணுமா மேடம்?”

“வேலை செய்யலன்னு எனக்குத் தெரியாதும்மா.”

“சொன்னீங்களே.”

“சொன்னேன்.”

அப்படியும் ஆலோசகர் கற்றுக்கொடுக்க ஒப்புக்கொண்டார்.

கற்றுக்கொண்டவர் மேடம் அல்ல. தனக்கு வேண்டிய முடிவு தன் குரலிலேயே கசிந்துவிடும் என்று அவருக்குப் பயம். துறையில் உள்ள எங்கள் எல்லோருக்கும் இந்த விஷயத்தில் ஏதோ ஒரு கட்சி இருந்தது. கட்சி இல்லாத ஒருவரைத் தேடி உடற்கல்வி ஆசிரியரைப் பிடித்தார்.

“மேடம், எனக்கு மூச்சு தெரியும், உளவியல் தெரியாதே,” என்றார் அவர்.

“அதான் வேணும்.”

அன்று தொடங்கி வருடா வருடம், தேர்வுக்கு முந்தைய வாரங்களில், உளவியல் ஆய்வகத்திலிருந்து விளையாட்டுத் திடல்வரை கேட்கும் குரல் ஒன்று எழும்: “மெதுவா! மெதுவா விடுறா மூச்சை! மெதுவான்னு சொல்றேன்ல!” இதோ, இதை வாசிக்கும்போது முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறாரே, அவரேதான்.

இம்முறை மேடம் ஆள் எண்ணிக்கையை முதலிலேயே நிர்ணயித்தார். பாதிக்கு இருநூறு, மொத்தம் நானூறு. அவ்வளவு இருந்தால்தான் சின்னப் பயனாக இருந்தாலும் கண்ணில் படும். ஒரு வருடத்தில் முன்வருபவர்கள் நாற்பதைத் தாண்டுவதில்லை. கூட்டிக் கழித்தால், ஓய்வு பெறுவதற்குள் முடிந்தால் உண்டு. முடியாவிட்டால், அந்த ஒற்றைச் சொல்லைத் திருத்தாமலே வீட்டுக்குப் போக வேண்டும். மேடத்துக்கு அதன்பின் இந்தக் கல்லூரியில் இருந்த ஒரே பதற்றம் இதுதான். பதவி உயர்வு வந்தது, போனது; அதைப் பற்றி அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை. ஒரு வருடம் இருபத்தெட்டே பேர் வந்தபோது மட்டும் முகம் கறுத்தது. காத்திருந்த பாதிக்கும் தேர்வு முடிந்த மறுவாரமே பயிற்சி கிடைக்க ஏற்பாடு செய்தார். யாரையும் காக்க வைத்துவிட்டுக் கைவிடக் கூடாது என்று அதில் ஒரு பிடிவாதம்.

எந்தப் பாதி பயிற்சி பெற்றது என்று தாளில் எழுதியிருக்காது. சிவப்பு, நீலம் என்று மட்டும் குறித்திருக்கும். எது எந்த நிறம் என்பது எழுத்தருக்கு மட்டும் தெரியும்.

ஐந்தாம் வருடம் துறைத் தலைவர் பொறுமை இழந்தார். “மேடம், பாதிக்குப் பாதி சேர்ந்தாச்சே. ஒரு எட்டு எட்டிப் பாருங்களேன். தெரிஞ்சா அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லலாம்.”

“எட்டிப் பார்த்தா நிறுத்தத் தோணும். நமக்குப் பிடிச்ச இடத்துல நிறுத்தினா, அது ஆய்வு இல்ல, சமையல். ஒரு தடவை அவசரப்பட்டுட்டேன். போதும்.”

விதி சரிதான். இப்போது கேட்டாலும் சரி என்றே சொல்வோம். அந்த விதிக்குரிய விலையை மேடம் கட்டவில்லை, வேறொருத்தி கட்டினாள் என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும். எழுதச் சொன்னவர் மேடமே. “பாதியில பார்த்திருந்தா அவங்களுக்கு அஞ்சு வருஷம் மிச்சமாயிருக்கும். பார்க்காம இருந்தது முறை. முறைக்கும் எனக்கும் நல்ல பேர். அவங்களுக்கு ராத்திரி வேலை,” என்றார்.

இந்த வருடம் கடைசி மாணவரின் தாளும் வந்து சேர்ந்தது. இளநிலை விரிவுரையாளர் கணினியில் ஓட்டினார். நீலத்தைவிடச் சிவப்புக்குப் பயம் குறைந்திருந்தது. பெரிய குறைவு அல்ல. ஆனால் வெறும் குலுக்கலால் மட்டும் இந்த அளவு வருவதானால் ஆயிரம் ஆய்வுகளில் மூன்றில் வரலாம். அவ்வளவுதான். மேடம் அதைக் கரும்பலகையில் எழுதி, கீழே கோடு போட்டு, தேதியும் போட்ட பிறகே எழுத்தரைக் கூப்பிட்டார்.

“சிவப்பு எது?”

“பயிற்சி, மேடம்.”

மேடம் சாக்பீஸைக் கீழே வைத்தார். பக்கத்தில் இருந்த மாணவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“நல்ல சேதிதானே மேடம்? முகம் ஏன் இப்படிப் போகுது?” என்றார் எழுத்தர்.

“நல்ல சேதிதான். அப்பவும் இருந்திருக்கு. நான் பார்த்தது பத்தல.”

நிர்வாகியிடம் போனார். “அன்னைக்கு நான் ‘இல்ல’ன்னு சொன்னேனே, அது தப்புன்னு தெரிஞ்சுடுச்சுங்க.”

“என்னைக்கு மேடம்?”

மேடம் நினைவூட்டினார். நிர்வாகி நெற்றியைத் தேய்த்தார். குழாய் மாற்றியது நினைவிருந்தது. இது நினைவில் இல்லை. பதினோரு வருடம் ஒருவர் நெஞ்சில் கல்லாகக் கிடந்த சொல், அதைக் கேட்டு வாங்கியவர் காதில் அன்று மாலைகூடத் தங்கவில்லை. ஆனாலும் அறிக்கையை வாங்கிக்கொண்டார். இம்முறை ஒன்பதாம் பக்கத்தை மேடமே திறந்து வைத்துப் படிக்கச் செய்தார். எந்திரத்தைக் கீழ்த்தளத்துக்கு மாற்றி அறையைத் திரும்பத் தருவதாக நிர்வாகி சொல்லியிருக்கிறார். இன்னும் எழுத்தில் வரவில்லை. அவரும் இந்த அவையில் இருக்கிறார் என்பதால் இதைச் சற்று உரக்கவே வாசிக்கிறோம்.

கடைசியாக அண்ணன் வீடு. மாலை நேரம். ஆலோசகர் பணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இப்போது அங்கே அவர் மேற்பார்வையாளர். முன்தலை நரைத்திருந்தது. மேடம் நின்றபடியே முடிவைச் சொன்னார்.

“எனக்கு அப்பவே தெரியும் மேடம்.”

“தெரியாதும்மா. நம்பினீங்க. அது வேற.”

உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது: “மன்னிப்புக் கேட்க வந்த இடத்துலயும் பாடம் எடுக்கிறாங்க பாரு!”

மேடம் தலைகுனிந்தார். “உங்க அண்ணி சொல்றது சரி. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். ‘தெரியல’ன்னு சொல்ல எனக்கு வெட்கமா இருந்துச்சு. அந்த வெட்கத்துக்கு உங்க வேலை போச்சு. அறை திரும்ப வந்தா நீங்க…”

“வர மாட்டேன் மேடம். திரும்பவும் தற்காலிகம், திரும்பவும் நிரூபி. எனக்குத் தெம்பில்ல.” செருப்பை மாட்டிக்கொண்டே ஏதோ நினைவு வந்தவர்போல நிமிர்ந்தார். “ஆமா, பயிற்சி கொடுத்தது அந்த விளையாட்டு வாத்தியார்தானே?”

“அவரேதான்.”

“அவர் கத்திக் கத்திச் சொல்லிக் கொடுத்தே பயம் குறைஞ்சிருக்குன்னா, நான் இருந்து சொல்லிக் கொடுத்திருந்தா?”

மேடம் ஆறுதலாக ஒரு பதில் சொல்லியிருக்கலாம். அது கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நானூறு பேரில் ஒருவர்கூட அந்தக் கேள்விக்கான பதிலைத் தரவில்லை; இனி தரவும் போவதில்லை.

“தெரியல,” என்றார்.

ஆலோசகர் அவரைப் பார்த்தார். சிரிப்பு போலவும் இருந்தது, இல்லை போலவும் இருந்தது.

“இதை அன்னைக்குச் சொல்லியிருக்கலாம்,” என்றுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

வரம்புகள் இத்துடன் முடிகின்றன.

அம்மையீர்! இனி உங்களை நேராகவே விளிக்கிறோம். அளந்து பேசக் கற்றுத் தந்தவரே, உங்களை அளக்க எங்களிடம் கோல் இல்லை. இத்தனை ஆண்டுகளில் உங்களிடம் படித்தவர்களில் எத்தனை பேர் உங்களால் மேம்பட்டார்கள் என்று எங்களால் சொல்ல முடியாது. உங்களிடம் படிக்காத ஒரு பாதியைச் சீட்டுக் குலுக்கி ஒதுக்கி வைக்க நாங்கள் மறந்துவிட்டோம். ஒன்று மட்டும் பார்த்தோம். ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னவர்கள் ஊரில் ஏராளம். அதைத் திருத்தப் பதினோரு வருடம் உழைத்த ஒருவரைத்தான் பார்த்தோம். ஒன்றை வைத்து ஒன்றும் சொல்லக் கூடாது என்பீர்கள். சொல்லவில்லை. பார்த்தோம் என்று மட்டும் பதிவு செய்கிறோம்.

தகர டப்பாவை இளநிலை விரிவுரையாளரிடம் ஒப்படைத்துவிட்டீர்கள். அவர் இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை என்று சொல்கிறார். உங்கள் கணவர் இனி சினிமாவுக்குக் கூப்பிடும்போது, தரவு போதுமான அளவு சேர்ந்துவிட்டது என்பதைக் கருத்தில் கொண்டு, ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். கண் தெளிவும் கால் உறுதியும் கேள்வி கேட்கும் நாவும் குறையாமல் நெடுநாள் இருங்கள். இது முடிவு அல்ல, விருப்பம். ஆகவே சான்று கேட்காதீர்கள்.

இம்மடலில் கையெழுத்திடப் பதினைந்து பேரைக் கேட்டோம். உளவியல் துறையினரும் அலுவலக எழுத்தரும் உடற்கல்வி ஆசிரியருமாகப் பதினான்கு பேர் கீழே கையெழுத்திட்டிருக்கிறோம்.

பதினைந்தாமவர் இங்கே இரண்டாம் மாடி அறையில் ஆலோசகராக இருந்தவர். மடலை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். வரம்புகள் பகுதியை முழுவதும் படித்தார். பேனாவை வாங்கினார், கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மறுத்துவிட்டார் என்று குறித்துக்கொள்ளலாமா என்று கேட்டோம்.

“இல்லன்னு எழுதிடாதீங்க,” என்றார். “தெரியலன்னு எழுதுங்க.”

அப்படியே எழுதியிருக்கிறோம்.

பதினான்கு கையெழுத்துகளும், அவற்றின் கீழே ஒரு கோடும்.

கோட்டின்மேல்: தெரியவில்லை.